வேடியப்பனின் இடது கண்

வந்தவாசிப் பக்கம் வேர்க்கடலை விளையும் ஊர் ஒன்றில் பச்சையப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் இருந்தது. அவன் மனைவி அம்சாவின் தம்பி வேடியப்பனிடம், செடியிலிருந்து காயைப் பிரித்தெடுக்கும் மெஷின் இருந்தது. டிராக்டர் ஓடினால்தான் மெஷினின் உருளை சுற்றும். அதனால் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள்.

சேர்ந்து போனார்களே தவிர, ஊர் கூப்பிட்டது வேடியப்பனை மட்டும்தான். "வேடியை வரச் சொல்லு" என்பார்கள். டீ முதலில் அவனுக்குத்தான் வரும். அம்சாகூட மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டைத் தம்பிக்கு எடுத்து வைப்பாள். பச்சையப்பனுக்கு வயிறு எரியும். வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்து, பொறாமைக்காரன் என்று பேர் வைத்துவிட்டது.

ஒரு நாள் கழனியில் மெஷின் சத்தம் மாறியதைப் பச்சையப்பன் கேட்டான். டீக்கு நிறுத்தியபோது குனிந்து பார்த்தான். உருளையில் ஓர் இரும்புப் பல் கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

"மச்சான், ஒரு பல்லு ஆடுது. முடுக்கிட்டு ஓட்டலாம்."

வேடியப்பன் சிரித்தான். "காலையிலதான் எல்லாத்தையும் முடுக்கினேன் மாமா. நான் செஞ்சா உங்களுக்கு எதுதான் சரியா இருந்திருக்கு?"

கூலிக்கு வந்த பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களோடு வேலைக்கு வந்திருந்த அம்சா கணவனைத் தனியே இழுத்துப் போனாள். "நாலு பேர் முன்னாடி என் தம்பியை மட்டம் தட்டாதீங்க. இதுக்கு மேல இதப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா என் மேல ஆணை."

பச்சையப்பன் வாயை மூடிக்கொண்டான். வழக்கமாக மச்சான் பக்கத்தில் நின்று செடியை அள்ளிக் கொடுப்பவன், அன்று டிராக்டர் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். சாவியைத் திருப்பினான். 'மெஷின் உடையட்டும். எல்லாரும் பார்க்க உடையட்டும். அப்போது தெரியும், யார் பேச்சு சரியென்று.' சத்தம் ஏற ஏற அவனுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

பல் தெறித்து வந்து வேடியப்பனின் இடது கண்ணில் அடித்தது.

அவனை வாரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் பச்சையப்பன்தான். உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் டாக்டர். ஊரே திரண்டு வந்தது. கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. வார்டு வாசலில் நின்ற பச்சையப்பனுக்கு அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது: 'என் கண் போயிருந்தால் இத்தனை பேர் வருவார்களா?' அந்த நினைப்பைக் கண்டு அவனுக்கே உடம்பு கூசியது.

உள்ளே அக்காளும் தம்பியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா சொன்னாரு. நான்தான் சிரிச்சேன். தப்பு என்னுது."

"இல்லடா. அவரு வாயை அடைச்சவ நான். உன் கண்ணைக் கெடுத்தவ நான்தான்."

அடிபட்ட கண் அசையக் கூடாதென்று இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்த வேடியப்பன், அருகே வந்து நின்ற பச்சையப்பனின் கையைத் துழாவிப் பிடித்தான். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல மாமா."

பச்சையப்பன் அங்கேயே சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான்.

சொன்னதை நம்பாமல் சிரித்தவன் ஒருவன். ஆணையிட்டு வாயை அடைத்தவள் ஒருத்தி. அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டவன் ஒருவன். கேட்டவர்களே, நீங்களே சொல்லுங்கள்: கண் போனதற்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: பச்சையப்பன்தான். ஆபத்து இல்லை என்று நம்பித்தான் வேடியப்பன் மெஷின் முன்னால் போய் நின்றான். அம்சாவுக்கு அது வெறும் சச்சரவாகப் பட்டது. உண்மை தெரிந்தவன் ஒருவனே. ஆணை அவன் பேச்சைத்தான் தடுத்தது. டிராக்டரைக் கிளப்பாமல் இருக்க யார் அனுமதியும் அவனுக்குத் தேவையில்லை. அவன் கிளப்பினான், தான் மட்டும் விலகி உட்கார்ந்தான். இது ஊருக்குத் தெரியாது. அவன் அழுததைப் பார்த்தவர்கள், "மச்சான் மேல இவ்வளவு உசிரா இருக்கிறவனையா பொறாமைக்காரன்னு சொன்னோம்!" என்று தங்களையே நொந்துகொண்டார்கள். முதல் தடவையாக ஊர் பச்சையப்பனை வாயாரப் புகழ்ந்தது.