தனிப்படி

மண்டபம் கடலில் கடற்பாசி ஆராய்ச்சி செய்துவந்த இருதயராஜ், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய வழிகாட்டி சுகிர்தாவைத் தேடிப் போனார். இப்போது அவரே பேராசிரியர், தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மாள் முன்னால் அவர் மாணவர்தான்.

"கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க, மேடம்."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

பாசி வெளுத்து உதிரும் நோயைப் பற்றிய கட்டுரை. எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால், எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டும் என்றது இதழ். கட்டாவிட்டால் சந்தா செலுத்துகிறவர்களுக்கு மட்டுமே திறக்கும். கட்டினாலோ, அடுத்த பருவத்தில் படகுக்கு டீசல் போட ஆராய்ச்சி நிதியில் ஒன்றும் மிஞ்சாது.

"கட்டுரையைப் பூட்டவா, படகை நிறுத்தவா?"

சுகிர்தா சிரித்தார்.

"எங்க காலத்துலயும் பூட்டுதான், ராஜ். என் முதல் கட்டுரை வந்த இதழை இந்தப் பக்கம் எந்த நூலகமும் வாங்கல. என் கட்டுரையை மட்டும் தனிப்படியா கொஞ்சம் அச்சடிச்சு எனக்கு அனுப்புனாங்க. அதைக் கேட்டு வெளிநாட்டுல எங்கெங்கிருந்தோ அஞ்சலட்டை வரும். தபால்காரர் செல்லையா அட்டையை நீட்டிட்டு, 'ஸ்டாம்பு எனக்கு'ன்னு நிப்பார்."

சுகிர்தாவின் கண்கள் எங்கோ போய்வந்தன.

"படி தீர்ந்துபோச்சுன்னா?"

"நானே டைப் அடிச்சு, சைக்ளோஸ்டைல் மெஷின்ல உருட்டிப் படி எடுப்பேன். கையெல்லாம் மை. இப்போ உங்க பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்துல, எல்லாரும் படிக்கிற மாதிரி உன் பிரதியைப் போட இதழ் விடாதா?"

"விடும். நான் திருத்தி முடிச்ச பிரதியைப் போடலாம். அவங்க அச்சுப் பக்கத்தைத்தான் போடக்கூடாது."

"அதுக்குக் கட்டணம்?"

"கிடையாது."

"அப்போ மடிக்கணினியைத் திற."

ராஜ் அங்கேயே உட்கார்ந்து ஏற்றினார். திரையில் கட்டுரை வந்தது. இதழின் முத்திரை இல்லை, பக்க எண் இல்லை. வெறும் எழுத்து. இத்தனை வருட உழைப்பு இப்படி மொட்டையாக நிற்பதைப் பார்க்க அவருக்கு மனசு ஆறவில்லை.

"இதை யார் மதிப்பாங்க, மேடம்?"

"அந்தக் காலத்துல பிலிப்பைன்ஸ்ல ஏதோ ஒரு தீவுல பாசி வளர்க்கிறவர் ஒருத்தர் இருந்தார். நான் உருட்டின படிதான் அவருக்குக் கிடைச்சது. பாதி எழுத்து மங்கல். படிச்சுட்டு எனக்கு எழுதினார்."

"என்னன்னு?"

"எந்த இதழ்னு கேக்கல, ராஜ். பாசி வளர்க்கிற கயித்தை எவ்வளவு ஆழத்துல கட்டணும்னு கேட்டார்."