மேடும் பள்ளமுமாய் ஒரு தெரு

ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் ஒரு தெரு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தெரு. கண்ணாடியில் பூசிய மெல்லிய படலம்தான் அது. அந்தப் படலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வீடு. தெருக்கோடியில் அலுமினியக் கரை.

வெயில் வந்து தட்டினால் ஏதோ ஒரு வீட்டிலிருந்து எலக்ட்ரான் ஒருவன் எழுந்துகொள்வான். வெயில் தன் பலத்தில் ஒரு பங்கை அவன் கையில் கொடுக்கும். அதைச் சிந்தாமல் கரைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவன் வேலை. கரைக்கு அப்பால் கம்பியின் நுனியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு காத்திருந்தது.

தெரு ஒழுங்காக இருந்தால் இதெல்லாம் சுலபம். இந்தத் தெருவிலோ எந்த இரண்டு வாசலும் ஒரே உயரத்தில் இல்லை. ஒரு வீடு மேட்டில் ஏறி நின்றது. அடுத்த வீடு பள்ளத்தில் புதைந்து கிடந்தது.

"வா தம்பி, வா! என் வீட்டுக்குப் படியே ஏற வேண்டாம். அப்படியே சறுக்கி வந்துவிடு" என்று பள்ளத்து வீடு உபசாரமாகக் கூப்பிட்டது.

எலக்ட்ரானும் நம்பிச் சறுக்கினான். சறுக்கிய வேகத்தில் கையிலிருந்த பலத்தில் பாதி சிந்திப்போனது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து வாசல் தலைக்கு மேலே இருந்தது.

"கொஞ்சம் கை கொடுங்களேன்" என்றான் மேட்டு வீட்டிடம்.

"என் வாசலுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. பலமிருந்தால் ஏறி வா. இல்லாவிட்டால் அங்கேயே கிட" என்றது மேட்டு வீடு.

அதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எலக்ட்ரான் எழுந்து வந்த இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகியிருந்தது. ஓடிப்போனவனைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் ஒரே வேலை. பிடித்துவிட்டால் அவன் அதற்குள் அடங்கிப்போவான். மிச்சமிருக்கும் பலமும் வீண் சூடாகப் போய்விடும். பள்ளத்தில் சிக்கியவனைப் பிடிக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அவனுக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். தப்பித்து நொண்டி நொண்டிக் கரை சேர்ந்த சிலரும் ஏறக்குறைய வெறுங்கையோடு வந்தார்கள். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை.

வெயிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் வாரி வாரிக் கொடுக்கிறேன். அடே சோம்பேறிகளா, எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்?" என்று கத்தியது. திட்டு வாங்கியதெல்லாம் ஓடியவர்கள்தான். வீடுகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கும் நடப்பதுதானே!

கண்ணாடிக்கு வெளியே, ஆய்வகத்தில், இரண்டு பேர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெயிலை மின்சாரமாக்கும் அந்தப் படலத்தைப் பூசிய ஆராய்ச்சி மாணவி பூங்கோதை. மற்றவன் அவளோடு படிக்கும் ஆசீர்.

"எரியலயே கோதை. தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணிக்கோ" என்று ஆசீர் குப்பை டப்பாவைக் காலால் இழுத்தான்.

"வேற எங்க பண்றது? பூசற மருந்து சுத்தமா தீர்ந்துபோச்சு. இதுதான் கடைசிக் கண்ணாடி. நாளைக்கு எல்லார் முன்னாடியும் எதைக் காட்டுவேன்?"

"மூடி போட்டு மெதுவாத்தானே காயவெச்சே?"

பூங்கோதை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லடா. நேத்து பஸ் போயிடும்னு மூடியை எடுத்துட்டு ஃபேனுக்கு அடியில வெச்சிட்டேன்."

அதுதான் சங்கதி. ஈரம் இருக்கும்வரைதான் வீடுகளால் நகர்ந்து, இடம் பார்த்து உட்கார முடியும். ஃபேன் காற்றில் ஈரம் சட்டென்று போய்விட்டது. நின்றது நின்றபடி, சாய்ந்தது சாய்ந்தபடி இறுகிவிட்டன. மேட்டு வீட்டின் மரியாதையும் பள்ளத்து வீட்டின் உபசாரமும் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பிறந்தவை!

"கொஞ்சம் சூடு காட்டிப் பார்க்கறேன். ஆனது ஆகட்டும்" என்று பூங்கோதை கண்ணாடியைச் சூட்டுத் தட்டின் மேல் வைத்து மூடினாள்.

தெருவே அலறியது. "ஐயோ, கொளுத்தப் போகிறார்கள்! எல்லாம் உன் திமிரால் வந்தது" என்றது பள்ளத்து வீடு.

"போகிறவன் வருகிறவனையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டது நீ!" என்றது மேட்டு வீடு.

சூடு மெல்லப் பேசியது. "சண்டை போடாதீர்கள். நான் எரிக்க வரவில்லை. நேற்று உங்களுக்குக் கிடைக்காத நேரத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். நிதானமாக இடம் பார்த்து உட்காருங்கள்."

வீடுகள் நடுங்கின, தளர்ந்தன, ஒன்றுக்கொன்று நகர்ந்து கொடுத்தன. பள்ளத்து வீடு எழும்பி வந்தது. "தனியாகக் கிடக்கப் பயமாக இருந்தது. அதனால்தான் எல்லோரையும் கூப்பிட்டேன்" என்றது.

"எனக்கும் அங்கே நின்று நின்று முதுகு விட்டுப்போயிற்று. கௌரவம் பார்த்து வெளியே சொல்லவில்லை" என்று மேட்டு வீடு அதன் அருகில் வந்து அமர்ந்தது.

வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனது. பூங்கோதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி தானாக ஆறும்வரை மூடியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேற்கு ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அவள் கண்ணாடியை அங்கே வைத்தாள். எலக்ட்ரான் ஒருவன் எழுந்தான். எல்லா வாசலும் அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடவில்லை. அங்கங்கே கால் இடறத்தான் செய்தது. ஆனால் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குக் கால் எட்டியது. வெற்றிடம் மூச்சிரைக்கத் துரத்திப் பார்த்துவிட்டுப் பின்தங்கிப்போனது. அவனுக்குப் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

"எரியுதுடா ஆசீர்!" பூங்கோதை கத்தினாள். ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசீர் குப்பை டப்பாவைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளினான்.

வெயிலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கரையில் நின்ற எலக்ட்ரானைக் கேட்டது: "அடேயப்பா! இன்றைக்கு உனக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பலம்?"

"நீங்கள் எப்போதும் கொடுக்கிற அதே பலம்தான்" என்றான் அவன். "இன்றைக்கு வழியில் யாரும் என்னைக் கீழே இறக்கவில்லை."