சராசரியில் கரைந்த காற்று

டர்பைன் எஞ்சின் சோதனைக்கூடத்தில் மூன்றாவது முறையாக அதே சுழலும் வரிசையில் ஒரு பிளேடு விரிசல் விட்டது. சிவஞானத்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் தலைமைப் பொறியாளர் பிலோமினாவிடம் வேலை கற்க வந்து ஆறு மாதம் ஆகிறது. வயதில் பிலோமினாவுக்குப் பத்து வருடம் மூத்தவர். கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர் வேறு.

“முன்னால அசையாம நிக்கிற பிளேடு வரிசை, கணக்கு சரி. பின்னால சுத்துற வரிசை, அதுவும் சரி. நடுவுல வர்ற காத்தைச் சராசரி எடுத்துக் கொடுத்திருக்கேன். இன்னும் என்னதான் மேடம் பண்றது?”

“நிக்கிற பிளேடு ஒவ்வொண்ணுக்கும் பின்னால காத்து வேகம் குறைஞ்சு தொய்ஞ்சு வருமே? சுத்துற பிளேடு அந்தத் தொய்வு ஒவ்வொண்ணையும் கடந்து போகணுமே?”

“வரும். நூலளவு. சராசரியில கரைஞ்சிடும். அதை விடுங்க, கோளாறு பிளேடை வார்த்ததுலதான்.”

“அப்படியே எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தால் வார்ப்புப் பட்டறை மேஸ்திரி பாக்கியநாதனின் வேலை அன்றே போய்விடும். அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் சிவஞானம் தாளை எடுத்து உட்கார்ந்தார். அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது அவருக்கு.

பிலோமினா எதிரே நின்றார். பேனா ஒரு வரியைத் தொடங்கும்போது ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். எழுத்து கோணியது. அடுத்த வரி தொடங்கியது. மறுபடி ஒரு தட்டு. சிவஞானம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பத்தாவது தட்டில் பேனா முனை தாளைக் கிழித்தது.

“என்ன மேடம் விளையாட்டு இது? மனுஷனை எழுத விடுவீங்களா மாட்டீங்களா?”

“எவ்வளவு நேரமா எழுதுறீங்க?”

“கால் மணி நேரமா!”

“நான் தட்டினது மொத்தமே ரெண்டு செகண்டு இருக்குமா? சராசரி எடுத்துப் பாருங்க. நான் தட்டவே இல்லைன்னு வரும்.”

“சராசரியாவது ஒண்ணாவது! ஒவ்வொரு வரியிலயும் பேனா தாளைத் தொடுற நேரம் பார்த்துத் தட்டினா எப்படித் தாங்கும்? பாருங்க, தாளே கிழிஞ்சுபோச்சு!”

பிலோமினா அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிவஞானத்தின் முன்னாலேயே வைத்தார்.

“ஆமா, கிழிஞ்சிருக்கு. தாள் செஞ்சவரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம். அதையும் சேர்த்து எழுதுங்க.”

சிவஞானம் பேனாவை மூடினார்.