ஆமா என்று மட்டும் சொன்னவன்

"பேரம் படிஞ்சிருச்சு, மேடம்" என்றார் ஜூனியர் கடற்கரை.

வக்கீல் தமயந்தி கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கடற்கரைக்கு ஐம்பத்திரண்டு வயது. வாழைத்தார் மண்டியில் இருபது வருடம் தரகு பார்த்து, சண்டை போட்டு, அடி வாங்கி, அப்புறம் சட்டம் படித்து வந்தவர். அந்த வயதில் ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள ஊரில் எந்த வக்கீலும் தயாராக இல்லை. தன்னைவிட நாலு வயது இளையவரான தமயந்திதான் சேர்த்துக்கொண்டார். அந்த நன்றி கடற்கரைக்கு நெஞ்சு முட்ட இருந்தது. அதைச் சீக்கிரம் வேலையில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரமும் இருந்தது.

தமயந்தி எடுப்பதெல்லாம் ஒரே வகை வழக்குகள். புத்தி வளராதவர்கள், மனம் பிசகியவர்கள், அவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாய்மார்கள். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான்.

அன்றைய ஆள் சுயம்பு. முப்பது வயது. சின்னப் பிள்ளையின் புத்தி. ஒரு தோட்டத்து மோட்டார் ஒயரை வெட்டித் திருடினான் என்று வழக்கு. ஜாமீனுக்கு நிற்க ஆள் இல்லாமல் எட்டு மாதமாகச் சிறையில் இருந்தான்.

"குற்றத்தை ஒத்துக்கிட்டா உள்ளே இருந்த எட்டு மாசத்தையே தண்டனையாக் கழிச்சிருவாங்க. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுச் சோறு. அரசு வக்கீல்கிட்ட மல்லுக்கட்டி வாங்கியிருக்கேன்."

"சுயம்பு சம்மதிச்சானா, அண்ணாச்சி?"

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் ஆமான்னான்."

தமயந்தி எழுந்து நீதிமன்ற வராந்தாவுக்கு வந்தார். அங்கே பெஞ்சில் சுயம்பு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காவலுக்கு வந்த ஏட்டு. தூணோரமாக அவன் அம்மா பேச்சித்தாய்.

"சுயம்பு, ஒத்துக்கிறியா?"

"ஆமா."

"ஒத்துக்க வேண்டாமா?"

"ஆமா."

ஏட்டு சிரித்தார். "வாழைத்தாரா இருந்தா இந்த ஆமாவை வச்சு ஒரே தாரை இந்நேரம் ரெண்டு பேருக்கு வித்திருப்பீங்க, அண்ணாச்சி."

கடற்கரைக்குச் சுள்ளென்று ஏறியது. "இருக்கட்டுமே. வீட்டுக்குப் போயிருவான்ல மேடம்? அந்த அம்மாவைப் பாருங்க."

"போவான். அடுத்து எங்கே ஒயர் காணாமப் போனாலும் முதல்ல யார் வீட்டுக்கு வருவாங்க?"

கடற்கரை கேட்டார்: "இல்லைன்னு சொல்லவே தெரியாதவன்கிட்ட எப்படித்தான் கேக்குறது?"

"அவனும் இல்லைன்னு சொல்றான். எதுல சொல்றான்னு பாருங்க. கேஸை மதியம்தான் கூப்பிடுவாங்க."

தமயந்தி போய்விட்டார்.

கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்தார். அதட்டிக் கேட்டார். கெஞ்சிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமா. "டீ குடிக்கிறியாடா?" ஆமா. வாங்கிக் கொடுத்தார். சுயம்பு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தான். டீ ஆறி ஏடு படிந்தது.

"வேணும்னியேடா?"

"ஆமா."

"அவன் டீயே குடிக்க மாட்டான், ஐயா" என்றாள் பேச்சித்தாய். "யார் கொடுத்தாலும் வாங்கிக்குவான். மாட்டேன்னா அடிப்பாங்கன்னு பயம்."

கடற்கரை அந்த டம்ளரையே வெகுநேரம் பார்த்தார். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களையும் அப்போதுதான் பார்த்தார். வலது கையில் இரண்டு நகங்கள் கோணலாக, புதிதாக முளைத்திருந்தன.

வராந்தாவில் ஒருவர் மின்விசிறியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரை அவரிடம் ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை வாங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் பெஞ்சின் மறு கோடியில் வைத்தார்.

டம்ளர் கீழே விழுந்தது. சுயம்பு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, சுவரில் முட்டும் வரை நகர்ந்து போனான்.

ஏட்டு வேறு பக்கம் பார்த்தார்.

கடற்கரை பிளேயரைச் சட்டென்று எடுத்து மறைத்துக்கொண்டார். அடிக்க ஆள் தேடுகிறவரைப் போல நேராகத் தமயந்தியிடம் போனார். விஷயத்தைச் சொன்னார்.

"எந்தப் போலீஸ் பயல் அவன் நகத்தைப் பிடுங்கினான்னு இப்பவே..."

"இந்தக் கோபத்தை இங்கே செலவழிக்காதீங்க. கோர்ட்டுக்குள்ளே கொண்டு வாங்க. அவன் கண்ணுல மட்டும் அந்தச் சாமானை மறுபடி காட்ட வேண்டாம்."

மதியம் வழக்கைக் கூப்பிட்டார்கள். "ஒயரை வெட்டியது நீதானா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"ஆமா" என்றான் சுயம்பு.

கடற்கரை எழுந்தார். குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஐயா, தயவுபண்ணி, ஒயரை வெட்டினது நீங்களான்னும் அவன்கிட்ட ஒரு தடவை கேளுங்க."

அரசு வக்கீல் எழப் பார்த்தார். மாஜிஸ்திரேட் கையமர்த்தினார். சுயம்புவைப் பார்த்துக் கேட்டார்.

"ஒயரை வெட்டியது நானா?"

"ஆமா."

யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப அவன் விரலைப் பாருங்க, ஐயா" என்றார் கடற்கரை.

மாஜிஸ்திரேட் இறங்கி வந்து பார்த்தார். மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு எழுதினார். அன்றைக்கே அவனைத் தாயின் பொறுப்பில் விட்டார். நாலு மாதத்தில் வழக்கும் விழுந்தது.

தீர்ப்பன்று பேச்சித்தாய் இருவரையும் கும்பிட்டாள். மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கடற்கரை பஸ் மறையும் வரை நின்றார்.

"மண்டியில இருபது வருஷம் ஆமாவை மட்டுமே வாங்கிப் பழகினவன் நான். இதை நீங்க சொல்லிக் கொடுக்கலைன்னா அவனை வித்திருப்பேன், மேடம். உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"மாசானமுத்துன்னு ஒருத்தர்."

"எந்த ஊர்ல வக்கீலா இருந்தார்?"

"வக்கீல் இல்லை, அண்ணாச்சி. என் முதல் கட்சிக்காரர். சுயம்பு மாதிரிதான். நானும் மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் ஆமான்னார். நம்பி ஒத்துக்க வச்சுட்டேன். ஆறு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்த அன்னைக்கு ஜெயில் வாசல்ல போய் நின்னேன். மன்னிப்புக் கேக்க வாய் வரலை. அவர் ஒண்ணும் கேக்கலை. என் முகத்தையே பார்த்தார். தோள்ல கிடந்த துண்டை எடுத்து, கண்ணைத் துடைச்சுக்கோன்னு நீட்டினார்."