ஆறு போதும்

முன்னொரு காலத்திலே நுரையாற்றங்கரை நாட்டைக் குணவீரராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் செய்கிற ஆள். சபை கூடியதும் தன் கையாலேயே முதல் வெற்றிலையை மடித்து மந்திரி சேந்தனுக்குத்தான் கொடுப்பான். அதைப் பார்க்கப் பார்க்கத் தளபதி எட்டியப்பனுக்கு வயிறு பற்றி எரியும். 'உடம்பெல்லாம் வெட்டுத்தழும்பு எனக்கு, வெற்றிலை அவனுக்கா!'

ஒருநாள் ஒற்றன் ஓடிவந்தான். "மகாராஜா, மேற்குநாட்டான் பத்தாயிரம் பேரோடு அக்கரைக்கு வந்துவிட்டான்!"

"கரையைக் காக்க என்ன வேண்டும், மந்திரி?"

"ஆறு போதும், மகாராஜா."

எட்டியப்பன் துள்ளி எழுந்தான். "கேட்டீர்களா! பத்தாயிரம் பேருக்கு ஆறே ஆறு ஆளாம்! சொன்ன வாயே செய்து காட்டட்டும். எதிரி ஒருத்தன் இக்கரை ஏறினாலும் மந்திரி தலை போகணும்!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!"

சேந்தன் சிரித்தான். "நான் சொன்ன ஆறு வேறு. தளபதி ஆளும் தருகிறார், வேண்டாமென்பானேன்?" என்று ஆற்றுக்கு மேலே இருந்த பெரிய ஏரியில் மடை திறக்கிற ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

"மடையனுக்கு மடையன்தான் துணை!" என்றான் எட்டியப்பன். மந்திரி தலை உருண்டதும் தான் பாய்ந்துபோய் வெற்றி வாங்குவதாக அவன் கணக்கு. படையோடு மேட்டில் காத்திருந்தான். பக்கத்தில் ராஜா.

கோடைகாலம், ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். எதிரி இறங்கினான், பாதி ஆறு வந்தான். அட பாவி, எட்டியப்பன் வாய் தன்னையறியாமல் முணுமுணுத்தது: "ஏறுடா... சீக்கிரம் ஏறித்தொலைடா!"

ராஜா திரும்பிப் பார்த்தான்.

அந்நேரம் ஏரியின் ஆறு மதகும் ஒன்றாகத் திறந்தன. ஹோவென்று வந்தது வெள்ளம். பத்தாயிரம் பேரும் கேடயத்தையும் வேலையும் போட்டுவிட்டு, விழுந்தடித்து அக்கரைக்கே ஓடினார்கள். இக்கரையில் ஒரு கால்கூடப் படவில்லை.

"எட்டியப்பா, நீ யார் படைக்குத் தளபதி?" என்றான் ராஜா.

எட்டியப்பன் உடைந்து அழுதான். "இருபது வருஷம் மகாராஜா! ஒரு வெற்றிலை... ஒரே ஒரு வெற்றிலை..."

"விட்டுவிடுங்கள், நல்ல வீரர்தான். காத்தது நானுமில்லை, ஆறுதான்" என்றான், ஏரியிலிருந்து அப்போதுதான் வந்துசேர்ந்த சேந்தன்.

ராஜா வெற்றிலையை மடித்து எட்டியப்பன் கையில் வைத்தான். அவன் முகம் மலர்வதற்குள், "வாயில் போடாதே! இனி முதல் வெற்றிலை ஆற்றுக்கு. தினமும் நடந்துபோய்த் தண்ணீரில் விடுகிற வேலை உனக்கு" என்றான்.

"எத்தனை நாளைக்கு, மகாராஜா?"

"ஆறுமட்டும்."

ஆறே நாள்தானே என்று எட்டியப்பன் சந்தோஷமாகக் கிளம்பினான். ராஜா சொன்னதோ அவன் வயிறு ஆறுமட்டும். வருஷம் பல போச்சு, மனுஷன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்!