காலியாக இருந்த கட்டம்

கருங்குன்று மடத்துக்கு ஞாயிறுதோறும் வந்துபோகிறவள் சண்முகவடிவு. இருபத்தேழு வயது. விடுதிகளில் வளர்ந்தவள், அப்பா அம்மா முகம் புகைப்படத்தில்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை. ஒற்றை அறையில் வாசம்.

அன்று மடத்தை நடத்தும் உமையம்மையிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். அவள் இறந்துபோனால் சேமநிதி யாருக்கு என்று கேட்கும் படிவம். பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க அம்மை. உயிலும் எழுதி வைன்னு கூட வேலை பாக்கிற ஸ்டெல்லா சொல்றா. இந்த வயசுல எதுக்கு? எழுதினாலும் யாருக்கு? எனக்குத்தான் யாருமில்லையே."

உமையம்மை படித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இசக்கிராஜோட அறையை ஒழிக்கணும். அவன் பெரியப்பா வர்றாரு. கூட இரு."

இசக்கிராஜ் மடத்தின் பின்கட்டில் தங்கியிருந்தவன். பன்னிரண்டு நாளைக்கு முன் மலைப்பாதையில் பைக் சறுக்கி இறந்துபோனான். வடிவைவிட ஒரு வயது சின்னவன். மடத்து ஞாயிறு பந்தியில் அவளைப் போலவே ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவான். அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பெரியப்பா ஆட்டோவில் வந்தார். கையில் கிராம அதிகாரி கொடுத்த கடிதம்.

"அவனைப் பாத்தே ஒன்பது வருசமாச்சு. நான்தான் வாரிசுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார் கூச்சத்தோடு.

நாலு சட்டை, ஒரு போர்வை, ஒரு லேப்டாப். வடிவு சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வெள்ளைக் கோல் தட்டும் ஓசை கேட்டது. முக்காடிட்ட ஒரு பெண். பார்வை இல்லை.

"இசக்கியண்ணன் ரூம் இதுதானே? நான் ரகமத்து. ஆசிரியர் பரீட்சைக்குப் படிக்கேன். பாடம் பூரா அண்ணன் வாசிச்சுப் பதிஞ்சு வச்சிருந்தாங்க. ரெண்டு வருசமா. முடிச்சுட்டு மொத்தமாத் தாரேன்னாங்க..."

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பா லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ தாயி. எனக்கு அதுல என்ன இருக்கு?"

திரை கடவுச்சொல் கேட்டது.

அவன் பிறந்த தேதியை அடித்தார்கள். ஊர்ப் பெயர், அம்மா பெயர். ரகமத்து தயங்கித் தயங்கித் தன் பெயரையும் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் திறக்கவில்லை. பெரியப்பா தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்தால்தான் திறக்கலாம் என்றார் கடைக்காரர்.

"அப்ப அழிக்க வேண்டாம். நீயே வச்சுக்கோ" என்றார் பெரியப்பா.

ரகமத்து மூடிய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதுக்குள்ளதான் அண்ணன் குரல் இருக்கு" என்றாள். பெரியப்பா அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அறை காலியாகிவிட்டது. வடிவு வெகுநேரம் அங்கேயே நின்றாள். ரெண்டு வருடம் இந்தச் சுவருக்குள் ஒருவன் தனியே உட்கார்ந்து யாருக்காகவோ சத்தமாக வாசித்திருக்கிறான். பந்தியில் பக்கத்தில் இருந்தும் அவளுக்கு அது தெரியவில்லை.

உமையம்மை வந்து வாசலில் நின்றார்.

"அந்தப் பாஸ்வேர்டை ஒரு சின்னச் சீட்டுல எழுதி வச்சிருந்தா போதுமே அம்மை" என்றாள் வடிவு. "உங்ககிட்ட எதையாவது சொல்லியிருக்கலாமே. ஏதாவது ஆனா யார்கிட்ட சொல்லணும், யாருக்குக் குடுக்கணும்னு நீங்களாவது அவர்கிட்ட கேக்கலையா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தனக்கு யாருமில்லைன்னு சொன்னான்" என்றார் உமையம்மை. "நானும் நம்பிட்டேன்."