தில்லிக்குப் பறந்த தாய்மாமன் துப்பாக்கி

கரட்டுப்புதூர்க்காரர்களைப் போலச் சட்டத்துக்கு அடங்கின சனத்தை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊர் எல்லையில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று ஒரு பலகை நட்டார்கள். அன்றிலிருந்து அந்த இடத்தில் நடந்து போகிறவனும் மெதுவாகத்தான் போகிறான். போன ஐப்பசியில் ஒரு பிணம் அந்தப் பலகையைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட ஊரில், காட்டுப்பன்றி விரட்ட முறைப்படி உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்த ஒரே ஆள் சடையாண்டி. அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. அக்கா மகளுக்குத் தில்லியில் கல்யாணம். அவர்கள் வகையறாவில் தாய்மாமன் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால்தான் பொண்ணு தலை நிமிரும், தாலி ஏறும். அக்கா புருசன் கோட்டைச்சாமி போனிலேயே சொல்லிவிட்டார்: “வெடிச் சத்தம் கேக்கலேன்னா, மாமன் மாலை உன் சித்தப்பா மகன் செவத்தையா கழுத்துக்குப் போயிரும். பாத்துக்க.”

செவத்தையா கழுத்தில் அந்த மாலையை நினைத்துப் பார்த்ததிலிருந்து சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போலீஸ் ஏட்டிடம் போனார்.

“உரிமம் இருக்குல்ல? தாராளமா விமானத்துல கொண்டு போகலாம். அது உன் உரிமை,” என்றார் ஏட்டு. “ஆனா கையோட வச்சுக்கக் கூடாது, பெட்டியில பூட்டி ஒப்படைச்சிரணும். துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியாப் போகணும். முக்கியமா, போன உடனே துப்பாக்கி இருக்குன்னு அறிவிச்சிரணும்.”

அன்று சாயங்காலமே சடையாண்டியும், மச்சினன் பூலோகமும், ஊர்த் தண்டோராக்காரர் மாயழகும் கூடி உட்கார்ந்தார்கள்.

“விமான நிலையத்து ஆபீசர் காதுல மெல்லமாச் சொன்னா அது அறிவிப்பு ஆகுமா?” என்று கேட்டார் சடையாண்டி.

“எப்படி ஆகும் மச்சான்? அது ரகசியம்ல!” என்றான் பூலோகம்.

“துப்பாக்கியை ரகசியமாக் கொண்டு போனா உள்ள தூக்கிப் போட்டுருவான்,” என்றார் மாயழகு. “நான் எதுக்கு இருக்கேன்? வாசல் வரைக்கும் வந்து அடிச்சுட்டுத் திரும்பிர்றேன்.”

விமான நிலைய வாசலில் மாயழகு தோளில் தமுக்கை மாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார். டண்டணக்கு டண்டண்! “இதனால சகலருக்கும் அறிவிக்கிறது என்னன்னா, கரட்டுப்புதூர் சடையாண்டி துப்பாக்கியோட வந்திருக்காரு! பின்னால யாரும் தெரியாதுன்னு சொல்லப்படாது சாமியோவ்!”

அடுத்த நொடி வாசலில் ஈ காக்கை இல்லை. தள்ளுவண்டிகள் மட்டும் ஆளில்லாமல் உருண்டுகொண்டிருந்தன.

“பாத்தீங்களா மச்சான், ஏட்டையா சொன்னது எம்புட்டு நிசம்! அறிவிச்சதும் வழி விட்டுட்டாங்க,” என்று பூலோகம் பூரித்துப்போனான்.

நாலா பக்கத்திலிருந்தும் பாதுகாப்புக் காவலர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு சூழ்ந்தார்கள். “எங்கய்யா துப்பாக்கி?”

சடையாண்டி அவர்களைச் சுற்றுமுற்றும் பார்த்தார். “உங்க கையிலதான் ஆளுக்கு ஒண்ணு இருக்குதே சாமி. நீங்க அறிவிச்சீங்களா?”

உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதில் ஒரு குற்றமும் இல்லை. அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மாயழகை மட்டும் ஜீப்பில் ஏற்றி ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார். அந்த மரியாதையை மாயழகு இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

துப்பாக்கிப் பெட்டிக்குச் சீட்டு ஒட்டியானது. “தோட்டா எங்கே?” என்றார் அதிகாரி. ‘தனித்தனி’ என்பதற்காகப் பூலோகம் தோட்டாப் பெட்டியோடு கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். “அதையும் கொடுய்யா, அதே விமானத்துல போயிரும்.”

இருவரும் தள்ளிப்போய் யோசித்தார்கள்.

“ஒரே விமானத்துல போனா அது எப்படி மாப்ளே தனித்தனி?”

“அதான! புருசன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுத் தனியாப் போனா ஒரே பஸ்ஸுலயா ஏறுவாங்க?”

“இருட்டுக்குள்ள பக்கத்துப் பக்கத்துல கெடந்து, அதுக ரெண்டும் ராசியாப் போச்சுன்னா?”

“நான் நாளைக் காலை விமானத்துல தோட்டாவைக் கூட்டிட்டு வர்றேன் மச்சான்.”

அதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சட்டத்தை மீறச் சொல்கிறாரே என்று இருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சோதனையில் சடையாண்டியைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தூக்கின கையோடுதான் பறந்தார். கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பணிப்பெண் வந்து வந்து போனாள். வந்தபோதெல்லாம் மரியாதைக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டார். தில்லியில் அக்காதான் இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிட்டாள்.

மறுநாள் முகூர்த்தம். பொண்ணு குனிந்த தலையோடு காத்திருந்தது. கெட்டிமேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். “போடுய்யா வெடியை!” என்றார் கோட்டைச்சாமி. சடையாண்டி மண்டப வாசலில் கால் அகட்டி நின்று, வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது. அப்போதுதான் தோட்டாவின் ஞாபகம் வந்தது.

செவத்தையா சட்டைக் காலரைத் தளர்த்தி, கழுத்தை நீட்டி வாகாக வைத்துக்கொண்டான்.

சடையாண்டி பதறிப்போய்ப் பூலோகத்துக்குப் போன் போட்டார். அவன் தோட்டாவை ஒப்படைத்துவிட்டு, இன்னும் அதே விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

“மாப்ளே, துப்பாக்கி இங்க இருக்கு, தோட்டா அங்க இருக்கு. மானம் போகுதுடா!”

பூலோகம் நிதானமாக யோசித்தான். “சத்தம் எதுலருந்து மச்சான் வருது? தோட்டாவுலருந்துதான?”

“ஆமா.”

“அப்பச் சத்தம் என் பொறுப்பு. நீங்க குறியை மட்டும் பாருங்க.”

சடையாண்டி போனை மண்டபத்து மைக்கில் வைத்துக் கட்டிவிட்டு, ஓடிப்போய்த் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தார். “போடு மாப்ளே!” என்று கத்தினார்.

“டமாஆஆர்!”

மண்டபம் அதிர்ந்தது. பொண்ணு தலை நிமிர்ந்தது, தாலி ஏறியது. மாமன் மாலை மாமன் கழுத்திலேயே விழுந்தது. சடையாண்டி மாலையோடு வந்து போனை எடுத்தார்.

“ஏறிருச்சு மாப்ளே! அங்க என்ன ஒரு அரவத்தையும் காணோம்?”

“அதை ஏன் கேக்குறீங்க மச்சான்! நான் சத்தம் குடுத்ததும், வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும் குப்புற விழுந்து கும்பிடுறாங்க. அந்த ஆபீசரும் விழுந்து கெடக்காரு. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு இம்புட்டு மரியாதை!”

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்துக்கிட்டே நிக்காத மாப்ளே. பாவம், எவ்வளவு நேரம் கெடப்பாங்க? ஒவ்வொருத்தரையும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணி எழுப்பிவிடு.”